புழுத்த மா

என்னுடைய சேலைகள் தொங்கவேண்டிய அலுமாரிக்குள் பூச்சி வளர்த்த மனிதனைத்தான் நான் கட்டியிருக்கிறேன். இதை அவருக்கு முன்னாலும் சொல்லுவேன், பின்னாலும் சொல்லுவேன். பொய் சொன்னால்தானே பயம்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் நான் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். கல்யாணம் கட்டி நாலு மாதத்தில் கனடாவுக்கு வெளிக்கிட்டுப் போன மனிதனை எட்டு வருடம் கழித்து விமான நிலையத்தில் கண்டேன். முன்மண்டை வெளித்திருந்தது. எனக்கென்று ஒரு தடித்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிநேகிதன் ஒருவரின் காரில் வரும்போது, "பிளேனிலை சாப்பாடு தந்தவங்களோ?" என்று கேட்டார். தந்தவங்கள் என்றேன். "நித்திரை கொண்டனீரோ?" என்றார். கொஞ்சம் என்றேன். அதற்குப் பிறகு கார்க் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எட்டு வருடத்துக்கும் சேர்த்து விசாரணை அவ்வளவுதான்.

மல்வேர்னில் உயரமான ஒரு கட்டடத்தில் அவருடைய வீடு. கதவைத் திறந்தவுடனே நாற்றம் மூக்கில் அடித்தது. நனைந்த சாக்கும் அழுகல் கரட்டும் கலந்தது போன்ற நாற்றம். அதோடு உள்ளே எங்கேயோ கிரீச் கிரீச்சென்று விடாமல் ஒரு இரைச்சல்.

"இதென்ன சத்தம்?"

"அது ஒண்டுமில்லை. சின்னத்துரையின்ரை சாப்பாடு."

"ஆர் சின்னத்துரை? வீட்டிலை ஆள் வைச்சிருக்கிறனீங்களெண்டு எனக்கு எழுதேல்லையே."

அவர் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்துக்கொண்டு லைற்றைப் போட்டார். வரவேற்பறையில் கம்பிவலை அடித்த இரண்டு உயரக் கூடுகள் நின்றன. மேலே சுடச்சுட பல்ப் எரிந்தது. உள்ளே செடி, செடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பெரிய கூட்டின் கொப்பில் ஒரு பச்சோந்தி. தலையில் கொண்டை வைத்தது. அதன் ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் அவரைப் பார்த்தது. அதுதான் சின்னத்துரை. பக்கத்துக் கூட்டில் இருந்த சிறியது பாக்கியம்.

இரண்டு கூட்டுக்கும் நடுவில் ஒரு மட்டை வைத்திருந்தார். ஏனென்று கேட்டேன். ஒன்றை ஒன்று கண்டால் நிறம் மாறிச் சீறுமாம். ஒரு கூட்டில் விட்டால் கடித்துக் கொன்றுபோடுமாம்.

"அப்ப இதுகளும் புருசன் பெண்சாதியாய்ப் பிரிஞ்சுதான் இருக்குதுகள்," என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

விசயம் என்னவென்றால், அவர் முந்தி ஒரு செல்லப்பிராணிக் கடையில் கூட்டித் துடைக்கிற வேலை செய்திருக்கிறார். கடைக்காரன் றொபேட் கடையை மூடிக்கொண்டு போகும்போது, விலைப்படாமல் கிடந்த இந்த இரண்டு குஞ்சையும், நீ எடுக்காவிட்டால் குப்பைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறான். இவர் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறம்ரனில் பண்டகசாலை வேலைக்கு மாறிய பிறகும் அதுகளை விடவில்லை.

சரி, ஒரு மனிதன் தனிய இருந்தான், இரண்டு ஓணானை வளர்த்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் அதுகள் தின்னும் சாமானை எப்படி விடுவது? அலுமாரியைத் திறந்தேன். பெரிய பிளாஸ்ரிக் பெட்டி. அதற்குள் முட்டை வைக்கிற மட்டைகளை அடுக்கி நிறுத்தியிருந்தார். ஒரு மட்டையைத் தூக்கிக் காட்டினார். அடியில் அப்பியிருந்த சுவர்க்கோழிப் பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்து ஓடின. குஞ்சும் பெரிதுமாய், செத்ததும் சாகப்போகிறதுமாய், ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருந்ததுமாய்.

"கோடையிலை பின்பக்கப் புல்லுக்கை வெட்டுக்கிளி பிடிக்கலாம்," என்று அவர் பாடம் நடத்தினார். "பனிக்கு இஞ்சை வெளியிலை ஒரு எறும்புகூட உயிரோடை இராது. உயிரோடை ஆடி அசையாததை இதுகள் தின்னாது. அதுதான் நானே பெருக்குறன்."

"என்ரை சீலை எங்கை வைக்கிறது?"

"கட்டிலுக்குக் கீழை இடமிருக்கு."

ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகமுன் அவர் சாப்பாடு போடுவார். கடைப் பை ஒன்றில் பூச்சிகளைக் கொட்டி, வெள்ளைத் தூள் ஒன்று போட்டு, பையின் வாயைப் பிடித்துக் குலுக்குவார். மீன் பொரிக்கிறவர்கள் மஞ்சள்தூளில் பிரட்டுவார்களே, அப்படி. எலும்புக்கு நல்லதாம். பிறகு கூட்டுக்குள் கொட்டுவார். சின்னத்துரை அசையாது. இரண்டு கண்ணும் மெல்ல ஒரு பக்கம் திரும்பும். வாய் கொஞ்சம் திறக்கும். பிறகு அதன் உடம்பைவிட நீளமான நாக்கு பாய்ந்து, சளி பிடித்த நுனியில் பூச்சியை ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். நறுக் நறுக்கென்று சப்பும். பூச்சியின் ஒரு கால் மட்டும் வாய்க்கு வெளியே நின்று உதைத்துக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துக்கொண்டு அவர் பாண் தின்பார்.

எங்கள் இரண்டு வீடும் சைவம். இவர் ஊரில் முட்டை வைத்த சட்டியைக்கூட வெள்ளிக்கிழமைகளில் தொடமாட்டார். வெள்ளிக்கிழமையிலாவது உயிரைக் கொல்லாமல் விடக்கூடாதா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை எண்டு பாக்கியத்துக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியுமெல்லே."

அவர் பையைக் குலுக்கினார்.

பெட்டிக்குள் இருந்து தப்புகிற பூச்சிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இப்போதும் உடம்பு கூசும். அரிசிப் பானைக்குள் ஒன்று. தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலில் ஒன்று. என் காலுறைக்குள் இருந்து ஒன்று. கார்த்திகை விளக்கீட்டன்று சாமித்தட்டில் எண்ணெய்க்குள் ஒன்று செத்து மிதந்தது. அதை விரலால் எடுத்து எறிந்துவிட்டு நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

உண்மையில் எனக்குப் பூச்சியைவிட அருவருத்தது வேறொன்று. வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றமுன் நேரே கூட்டடிக்குப் போவார். "என்ன துரை, சாப்பிட்டியோ? பாக்கியம், வயிறு காயுதோ பிள்ளை?" என்று குழைவார். அவருடைய தாயைக் கடைசிவரை பார்த்தவள் நான். ஆமி வர வலிகாமமே இடம்பெயர்ந்து ஓடினபோது அந்த மனிசியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவள் நான். அவ கண்மூடினதும் என் கையில்தான். அவவின் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. அந்த வருடங்களில் நாங்கள் எங்கே கிடந்தோம், என்ன தின்றோம் என்று ஒரு நாள், ஒரு சொல்லு, இந்த மனிதன் என்னைக் கேட்டதில்லை. ஓணானைக் கேட்கிறார்.

"சித்திரை வருசம் பிறக்கமுந்தி அதுகள் போகவேணும். இல்லாட்டி நான் பிறம்ரனிலை அக்கா வீட்டை போயிடுவன். போனால் திரும்பி வரமாட்டன்," என்றேன். அக்காவிடம் ஏற்கெனவே கதைத்துவிட்டேன். மேல்மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வா என்று சொல்லிவிட்டா.

அவர் தலையைச் சொறிந்தார். "குளிர் முடியட்டும். குளிருக்கை வெளியிலை கொண்டுபோனால் அதுகள் செத்துப்போயிடும்," என்றார். அவ்வளவுதான். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மார்கழி முடிய அந்தப் பெரிய பனி வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டி, நின்று, மறுபடியும் கொட்டியது. கார்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் மேடு மேடாகக் கிடந்தன. பஸ் ஒழுங்காக இல்லை. அந்த நாட்களில்தான் பாக்கியத்துக்கு வயிறு ஊதியது. முட்டையாம். சேவல் இல்லாமல் கோழி முட்டை இடுகிற மாதிரி இதுவும் இடுமாம். "இந்த நேரம் நல்லாச் சாப்பிடவேணும். பட்டினி கிடந்தாளெண்டால் தப்பமாட்டாள்," என்று அவர் ஒன்றுக்குப் பத்துத் தரம் சொன்னார்.

தைப்பொங்கல் வந்தது. முதல் நாள் நான் வீடு முழுக்கக் கழுவித் துடைத்தேன். பூச்சிப் பெட்டி வீட்டுக்குள் இருக்க என்னால் பொங்கமுடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு நேரமென்றால் முணுமுணுப்பார். பொங்கலன்று காலை என்ன நினைத்தாரோ, தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பல்கனியில் வைத்து, மேலே ஒரு போர்வையும் போட்டார்.

"பால் பொங்கினவுடனே உள்ளை எடுப்பம். அவ்வளவு நேரம் அதுகள் தாங்கும்."

பிறகுதான் வாழையிலை வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. இலையில்லாமல் என்ன படையல்? அஹமது நானாவின் பலசரக்குக் கடை பக்கத்துத் தெருவில்தான். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கோட்டைக் கொழுவிக்கொண்டு போனார். நான் பானையை அடுப்பில் ஏற்றினேன்.

பால் பொங்கி வழிந்த நேரம் ரெலிபோன் அடித்தது. கடை வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்துவிட்டார், கால் முறிந்துவிட்டது, அம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம் என்று அஹமது நானா சொன்னார். நான் அடுப்பை நூர்த்துவிட்டு, பக்கத்து வீட்டு றோசலின் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்ஸி கிடைத்து, பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது.

கட்டிலில் முகம் வெளுத்துக் கிடந்தார். காலுக்குள் கம்பி வைக்கவேண்டுமாம். என்னைக் கண்டதும் கையை நீட்டினார். நானும் பிடித்தேன்.

"பாக்கியம் சாப்பிட்டவளோ?" என்றார்.

நான் காலையிலிருந்து ஒரு வாய் பொங்கல்கூடத் தின்னாமல் நிற்கிறேன். அவருடைய கோட்டுக்குள் கிடந்த வாழையிலையைத் தாதி எடுத்து மேசையில் வைத்திருந்தாள், அது நாலாக மடிந்து கிழிந்து கிடந்தது. "சாப்பிட்டவள்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அப்போதுதான் பல்கனியில் இருந்த பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து போர்வையை விலக்கிப் பார்த்தேன். இரைச்சல் இல்லை. எல்லாம் செத்து விறைத்து, மட்டைகளோடு ஒட்டிக் கிடந்தன. ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. வீட்டுக்குள் முதல் தடவையாக அமைதி. எத்தனை நாள் நான் ஆசைப்பட்ட அமைதி. ஆனால் பாக்கியம் கூட்டின் வாசல் பக்கம் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

செத்த பூச்சி ஒன்றை நூலில் கட்டி அதற்கு முன்னால் ஆட்டினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நூல் முடிச்சு இறுக்கும்போது அதன் வயிறு பிதுங்கி என் நகத்தில் பட்டது. கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பாக்கியம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கீரை வைத்தேன், வாழைப்பழம் வைத்தேன். சின்னத்துரை கீரையில் ஒரு கடி கடித்துவிட்டு விட்டது. பாக்கியம் அதுவும் இல்லை.

அடுத்த நாள் றோசலின் அக்கா எனக்காகப் பூச்சி விற்கிற கடைகளுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டா. அவவுக்கு இங்கிலீஷ் தண்ணி மாதிரி.

"லொறி ஒண்டும் வரேல்லையாம் பிள்ளை. வந்தாலும் இந்தக் குளிருக்கை செத்துத்தான் வருமாம். எப்ப வருமெண்டும் தெரியாதாம்." ரெலிபோனை வைத்துவிட்டு ரீவியைக் காட்டினா. "பனி அள்ள ஆமியைக் கூப்பிட்டிருக்கினம், பாரும்."

ஆமி என்றவுடன் நான் முதலில் கதவுப் பூட்டைத்தான் பார்த்தேன். எட்டிப் பார்த்தால், பெடியள் சவளோடு நின்று பனி அள்ளிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு கிழவிக்குக் கைபிடித்து வீதி கடக்க உதவி செய்கிறார்கள். இப்படியும் ஒரு ஆமியா என்று கொஞ்ச நேரம் வாய் பார்த்தேன்.

"விடும்," என்றா றோசலின் அக்கா. "உமக்கு வசதிதானே. நீர் கொல்லேல்லை, அவரும் உம்மைப் பிழை சொல்லேலாது. பெட்டியை வெளியிலை வைச்சது அவர். சித்திரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை."

அவ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நானும் வீட்டுக்கு வந்து, சரி, விடுவோம் என்றுதான் கதிரையில் இருந்தேன். நேற்றைய பொங்கலைச் சூடாக்கி ஒரு கோப்பையில் போட்டேன். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பாக்கியம். நிறம் மங்கி, தோல் சுருங்கி, கண் உள்ளே போய், வயிறு மட்டும் புடைத்துக்கொண்டு கொப்பில் தொங்குகிறது. எனக்கு அது வேண்டாம். அதன் மூஞ்சையைப் பார்க்கவே சகிக்காது. ஆனால் பட்டினி கிடக்கிற ஒன்றுக்கு முன்னால் இருந்து சோறு தின்ன என்னால் முடியாது. ஊரில் ஒரு முறை அப்படி இருந்து தின்றிருக்கிறேன், போதும். கோப்பையை வைத்துவிட்டுக் கோட்டைக் கொழுவினேன்.

இந்த ஊரில் இந்தக் குளிருக்குள் உயிரோடு பூச்சி எங்கே இருக்கும் என்று ஆருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். சூடான கடை ஒன்றில், விலைப்படாத மாவுக்குள் இருக்கும்.

அஹமது நானாவின் கடையில் சனம் இல்லை. அவர் முதலில் காலைப் பற்றி விசாரித்தார். நான் சொல்லி முடித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"நானா, புழு பிடிச்ச மா இருக்கோ?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "என்ன தங்கச்சி இப்பிடிக் கேக்கிறீங்க? நம்மட கடையில புழுவா? ஆரு சொன்னது? அந்தப் பக்கத்துக் கடைக்காரனா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தேவைப்படுது."

"நல்ல மா இருக்கி, புதுசு. அத எடுங்க."

"புதுசு வேண்டாம் நானா. பழசு. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. புழு நெளியவேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புருசன் கால் முறிந்து கிடக்கிற துக்கத்தில் மனிசிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். "பொது சுகாதாரத்துக்காரன் யாரும் அனுப்பினானா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சின்னத்துரையையும் பாக்கியத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கதவை எட்டிப் பார்த்துவிட்டு, "வெளியில சொல்லிப்போடாதீங்க," என்று என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

குப்பை லொறி வராததால் எறியவேண்டிய சாமான் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தது. மா மூட்டைகள் நாலைந்து. நான் கோட்டுக் கையை மடித்துவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். முதலாவது கோதுமை மா. கையை விட்டேன். கறுத்த குட்டி வண்டுகள் கையில் ஏறின. மணந்து பார்த்தேன், கார மணம். அதைக் கட்டி வைத்தேன். இரண்டாவதும் அப்படி. மூன்றாவது குரக்கன் மா. மேலே மா கட்டிபட்டு, கட்டிக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல். ஒரு கட்டியைப் பிட்டேன். செந்தலையோடு வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டு வெளியே வந்தன. மூட்டையின் காதுக்குள் இருந்து சாம்பல் அந்துப்பூச்சி இரண்டு பறந்தன.

"இதுதான்," என்றேன். அஹமது நானா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்.

ஊரிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று அரிதட்டு. அன்று அதை எடுத்து, குளியலறையில் குந்தியிருந்து, அந்த மாவை அரித்தேன். இனி அந்த அரிதட்டில் சாப்பாட்டு மா அரிக்கமுடியாது என்று தெரிந்துகொண்டுதான் அரித்தேன். மா கீழே போனது, புழு மேலே நின்றது. ஒன்றோடு ஒன்று பின்னி, தட்டு முழுக்க ஒரே அசைவு. உள்நாக்கு வரை கசந்தது. இரண்டு தரம் ஓங்காளித்தேன். பிறகு ஒரு கோப்பை மூடியில் கொஞ்சம் போட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு பாக்கியத்தின் கூட்டுக்குள் நீட்டினேன்.

கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கை உளைந்தது. திரும்பிப் பார்த்த நேரம் பார்த்து அதன் நாக்கு வந்தது. புழுவோடு சேர்த்து என் பெருவிரலிலும் பட்டது. சூடு இல்லை, ஈரம், பசை. நான் ஐயோ என்று கத்தினேன், ஆனால் மூடியை விடவில்லை. அது சப்பி விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களெல்லாம் இதே சீவியம்தான். காலையில் அரிப்பேன், கொடுப்பேன், கழுவுவேன். மிச்ச மாவை அலுமினியச் சட்டியில் போட்டு ஹீற்றரடியில் வைத்தேன், புழு பெருகட்டும் என்று. அந்து பறந்து என் பொங்கல் பானையில் குந்தியது. வெள்ளைத் தூளில் பிரட்டவும் மறக்கவில்லை. ஒருநாள் என்னையறியாமல், "திண்டு துலை," என்று பாக்கியத்துக்குச் சொன்னேன். அதோடு கதைக்கத் தொடங்கிவிட்டேனே என்று எனக்கே வெறுத்துப்போனது.

பனி கொஞ்சம் வற்றிய பிறகு அவர் வந்தார். காலில் கட்டு, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். வழக்கம்போல நேரே கூட்டடிக்குத்தான் போனார். பாக்கியம் பச்சை திரும்பி, வயிறு பெருத்து, கொப்பில் இருந்தது. அவர் கண் கலங்கியது. அலுமாரியைத் திறந்தார். அங்கே என் சேலைகள் தொங்கின.

"பெட்டி எங்கை?"

"பல்கனியிலை விறைச்சுப் போச்சு. நீங்கள் விழுந்த அண்டைக்கே."

அவர் கதிரையில் மெல்ல இருந்து காலை ஸ்ரூலில் தூக்கி வைத்தார். "அப்ப இதுகள் இவ்வளவு நாளும் என்னத்தைத் திண்டது?"

நான் சட்டியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார், விரலால் கிளறினார், ஒரு புழுவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல சாமான். எங்கை எடுத்தனீர்?"

"அஹமது நானா எறிய வைச்ச குரக்கன் மா. அவரிட்டை வண்டு பிடிச்ச மாவும் இருந்தது. அது வேண்டாமெண்டு விட்டிட்டன்."

"கெட்டிக்காரி. அந்த வண்டு கூடாதுதான், றொபேட்டும் சொல்லுறவன். அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கறுத்த வண்டு பிடிச்ச மா கைக்கும். எவ்வளவு அரிச்சாலும், எவ்வளவு அவிச்சாலும் கைக்கும். நூல் கட்டின மாவிலை வெள்ளைப் புழு. அது கைக்காது."

"கைக்குமெண்டு எப்பிடித் தெரியும்?"

"திண்டபடியால் தெரியும்."

அவர் கையில் இருந்த புழுவோடு என்னைப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "இடம்பெயர்ந்து கொடிகாமத்திலை பள்ளிக்கூடத்திலை கிடக்கேக்கை நிவாரண மா தந்தவங்கள். வெள்ளைப் புழு மா கிடைச்சால் எங்களுக்கு அது நல்ல கிழமை. உந்த அரிதட்டாலைதான் அரிச்சனான். பெரிய புழு தட்டிலை நிக்கும். சின்னன் மாவோடை போயிடும். என்ன செய்யிறது, புட்டு அவிச்சன். உங்கட அம்மாவுக்குக் கண் தெரியாது. நல்ல புட்டு பிள்ளை எண்டு சொல்லி, ரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ. நான் முன்னாலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தனான்."

அவர் புழுவைச் சட்டிக்குள் போட்டார். கையைச் சேட்டில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். சுவரில் இருந்த படத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்கமுடியாமல் இருந்திருக்கும். பக்கத்தில் பாக்கியம் எதையோ எட்டிப் பிடித்துச் சப்புகிற சத்தம் கேட்டது. எந்த நேரமும் அந்தச் சத்தத்துக்குத் திரும்புகிற மனிதன் அன்று திரும்பவில்லை.

"நீர்?" என்றார்.

"என்ன நான்?"

"நீர் என்ன சாப்பிட்டனீர், ராசேஸ்? அம்மாவுக்குக் குடுத்திட்டு நீர் என்ன சாப்பிட்டனீர்?"

சட்டியின் விளிம்பால் ஒரு புழு ஏறி வந்துகொண்டிருந்தது. அதை நான் விரலால் உள்ளே தட்டிவிட்டு, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"முதலிலை உந்தச் சட்டியை அங்காலை தள்ளுங்கோ," என்றேன். "உதைப் பார்த்துக்கொண்டு என்னாலை சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கேலாது."